ஒரு டிகிரிக்கு நடக்கும் போட்டி

இன்டெலின் கோர் ஐ9-14900கே பிராசசர் முழுமூச்சாக ஓடும்போது 253 வாட் வரை மின்சாரம் இழுக்கும். அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். சிப்பின் பரப்போ ஏறக்குறைய 257 சதுர மில்லிமீட்டர். அதாவது, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 வாட். சாதாரண 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டில் இதே கணக்கைப் போட்டால் ஐந்தாறு வாட்தான் தேறும்.

இந்தச் சூட்டை வாங்கித் தண்ணீரிடம் ஒப்படைப்பது வாட்டர் பிளாக். உள்ளங்கையில் அடங்கும் செம்புத் துண்டு. மூடியைக் கழற்றிப் பார்த்தால் நடுவில் வழவழப்பான ஒரு சதுரம் போலத் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்தால்தான் அது நெருக்கமாக நிற்கும் செம்பு இதழ்களின் வரிசை என்று புரியும். கூரிய கத்தி செம்பைச் சீவிச் சீவி நிமிர்த்திய இதழ்கள் அவை. இடைவெளி கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. நல்ல பிளாக்குகளில் தண்ணீர் நடுவிலுள்ள பிளவு வழியாக இறங்கி இருபுறமும் பிரிந்து ஓடும். ஓட வேண்டிய தூரம் பாதியாகிறது. நீர் நடுவில் இறங்குவதற்காகவே அமைத்திருப்பதால், உள்வாய், வெளிவாய்க் குழாய்களை மாற்றி மாட்டினால் பல பிளாக்குகள் மந்தமாகிவிடுகின்றன.

இவ்வளவு குறுகலாக எதற்கு? 1981-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டக்கர்மேன், பீஸ் என்ற இருவர் இதற்கு விடை சொன்னார்கள். தண்ணீர் வெப்பத்தைச் சுமப்பதில் கெட்டிக்காரன்; தனக்குள் கடத்துவதில் மகா சோம்பேறி. கடத்தும் திறனில் செம்பு அதைவிட அறுநூறு மடங்குக்கு மேல். எனவே சுவரிலிருந்து நீரோட்டத்தின் நடுவுக்கு வெப்பம் கடக்க வேண்டிய தூரத்தைக் குறைப்பதுதான் வழி. சிலிக்கான் தகட்டில் 50 மைக்ரான் அகலமே உள்ள வாய்க்கால்களைச் செதுக்கி, சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் வெப்பத்தை அவர்கள் வெளியேற்றிக் காட்டினார்கள். தண்ணீரைவிடச் சிப்பின் சூடு ஏறியது சுமார் 71 டிகிரி மட்டுமே.

இதற்கு ஒரு விலை உண்டு. நீரின் வேகம் மாறாமல் வாய்க்காலின் அகலம் பாதியானால், அதில் தள்ளத் தேவையான அழுத்தம் நான்கு மடங்காகும். பம்ப் திணறினால் ஓட்டம் குறையும். அதற்காக ஓட்டத்தைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படவும் வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினாலே, 253 வாட்டையும் வாங்கிக்கொண்ட தண்ணீரின் சூடு மூன்றரை டிகிரிதான் ஏறும். ஓட்டத்தை இரட்டித்தால் கிடைக்கும் லாபம் இரண்டு டிகிரிக்குள்.

அப்படியானால் இரண்டு பிளாக்குகளில் எது சிறந்தது என்று எப்படிச் சொல்வது? விளம்பரங்களில் பிராசசரின் வெப்பநிலையை மட்டும் போடுகிறார்கள். அது பாதிக் கணக்குகூட இல்லை. அறையின் சூடு, தண்ணீரைக் குளிரவைக்கும் ரேடியேட்டரின் அளவு, விசிறியின் வேகம் எல்லாம் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும். பிளாக்கின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ள, பிராசசரின் வெப்பநிலைக்கும் பிளாக்குக்குள் நுழையும் தண்ணீரின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு பிளாக்குகளையும் ஒரே பம்பில், ஒரே அளவு வாட் சுமையில் ஓட்ட வேண்டும்.

அப்போதும் ஒரு வம்பு இருக்கிறது. சிப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே பிராசசரின் உலோக மூடி, தெர்மல் பேஸ்ட், செம்பு அடித்தட்டு எனப் பல தடைகள். பிளாக் மாறினாலும் மூடி மாறுவதில்லை. பேஸ்டோ ஒவ்வொரு முறையும் வேறொரு தடிப்பில் படியும். திருகை ஒருபக்கம் கூடுதலாக முறுக்கினாலே அளவீடு நகரும். நல்ல பிளாக்குகளுக்குள் வித்தியாசம் ஓரிரு டிகிரிதான். ஒரே பிளாக்கைக் கழற்றி மாட்டினாலும் அதே ஓரிரு டிகிரி வந்துவிடலாம். பல முறை கழற்றி மாட்டிச் சராசரி எடுக்காத ஒப்பீட்டை நான் நம்புவதில்லை. சிப் மூடிக்கு நடுவில் இல்லாத ஏஎம்டி ரைசன் போன்றவற்றில், பிளாக்கைக் கொஞ்சம் நகர்த்திப் பொருத்துவதே விலையுயர்ந்த பிளாக்குக்கு மாறுவதைவிட அதிகம் உதவலாம்.

இந்தச் சோதனைகளெல்லாம் பெரும்பாலும் புத்தம் புது பிளாக்கில், சுத்தமான தண்ணீரில் நடப்பவை. வளையும் பிளாஸ்டிக் குழாய்களிலிருந்து மெல்லக் கசியும் மென்மையூட்டி, கூலண்டின் சாயம், செம்போடு அலுமினியத்தைச் சேர்த்ததால் வரும் அரிப்புத் துகள் எல்லாம் மாதக்கணக்கில் சேர்ந்து அந்த இதழ்களுக்கு இடையில்தான் போய் அடைகின்றன. இடைவெளி குறைய வல்லமை கூடும். அடைப்பும் சீக்கிரம் வரும். ஒரு டிகிரி அதிகம் காட்டி இரண்டாம் இடம் பெற்ற, கொஞ்சம் அகலமான வாய்க்கால் உள்ள பிளாக், ஓராண்டு ஓடிய பிறகு முந்திக்கொண்டாலும் ஆச்சரியமில்லை.