பயணத் தடை எனும் ஆயுதம்: கலிஃபோர்னியா கற்ற பாடம்

புது தில்லி: ஒரு மாநிலம் இயற்றிய சட்டம் மனித உரிமைக்கு எதிரானது என்று மற்றொரு மாநில அரசு கருதினால் என்ன செய்ய முடியும்? கண்டனத் தீர்மானம் நிறைவேற்றலாம், வழக்குத் தொடரலாம். அரசுப் பணத்தில் எவரும் அந்த மாநிலத்துக்குச் செல்லக் கூடாது என்று தன் ஊழியர்களுக்குத் தடை விதிக்கவும் செய்யலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இந்த மூன்றாவது வழியை ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கடைப்பிடித்து, 2023-இல் தானாகவே கைவிட்டது. திருமணம், குடும்பம் தொடர்பான சட்டங்களில் மாநிலங்களின் பங்கு பேசுபொருளாகியுள்ள இந்தியாவும் கவனிக்க வேண்டிய அனுபவம் இது.

தொடக்கம்: அமெரிக்காவில் மாநில ஆளுநர் என்பவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் ஆட்சித் தலைவர். 2015 மார்ச்சில் இந்தியானா மாநிலத்தில் மத சுதந்திரத்தின் பெயரால் ஒரு சட்டம் வந்தது. தன்பாலின ஈர்ப்பாளர்களுக்குச் சேவை அளிக்க வணிகர்கள் மறுப்பதற்கு அது வழிவகுக்கும் என்று எதிர்ப்பு எழுந்தது. கனெக்டிகட் ஆளுநர் டேனல் மல்லாய், அங்கு அரசுச் செலவில் பயணம் மேற்கொள்ளத் தடை விதித்தார். சில நாள்களிலேயே இந்தியானா அச்சட்டத்தைத் திருத்தியது.

அடுத்த ஆண்டு வட கரோலினாவின் முறை. அரசுக் கட்டடங்களிலும் பள்ளிகளிலும் பிறப்புச் சான்றிதழில் குறிப்பிட்ட பாலினத்துக்குரிய கழிப்பறையையே பயன்படுத்த வேண்டும் என்று 2016 மார்ச்சில் அங்கு சட்டம் இயற்றப்பட்டது. திருநர்களைக் குறிவைத்த சட்டம் என்று கூறி நியூயார்க், வாஷிங்டன், வெர்மான்ட், மினசோட்டா ஆகிய மாநிலங்கள் அரசுப் பயணங்களைத் தடை செய்தன.

வளைத்தது எது?: ஆனால், வட கரோலினாவை அசைத்தது அரசு ஊழியர்களின் பயண ரத்து மட்டுமன்று. பேபால் நிறுவனம் 400 பேருக்கு வேலை தரவிருந்த மையத்தைக் கைவிட்டது. 2017-ஆம் ஆண்டின் என்பிஏ நட்சத்திரக் கூடைப்பந்துப் போட்டி சார்லட் நகரிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றப்பட்டது. இந்தச் சட்டத்தால் 12 ஆண்டுகளில் 376 கோடி டாலருக்கும் மேல் வருவாய் இழப்பு ஏற்படும் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் கணக்கிட்டது. 2016 நவம்பர் தேர்தலில் ஆளுநர் பாட் மெக்ரோரி சுமார் 10 ஆயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார். 2017 மார்ச்சில் கழிப்பறை விதி நீக்கப்பட்டது.

நீண்ட பட்டியல்: இந்தச் சூழலில்தான் கலிஃபோர்னியா தடையைச் சட்டமாகவே ஆக்கியது. 2016 செப்டம்பரில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட சட்டம் 2017 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கும் திருநர்களுக்கும் எதிராகப் பாகுபாடு காட்டும் சட்டங்களை 2015 ஜூன் 26-க்குப் பிறகு இயற்றிய மாநிலங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தன்பாலினத் திருமணத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் ஏற்ற நாள் அது.

கன்சாஸ், மிசிசிப்பி, வட கரோலினா, டென்னசி என நான்கு மாநிலங்களுடன் தொடங்கிய பட்டியல் சுருங்கவில்லை. 2017-லேயே எட்டானது, 2023-இல் 26-ஐத் தொட்டது. நாட்டின் 50 மாநிலங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தடைக்குள் வந்துவிட்டன. டெக்சாஸ் தொடுத்த வழக்கை விசாரணைக்கு ஏற்க உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் மறுத்தது. நீதிபதிகள் இருவர் அதற்கு உடன்படவில்லை. அதற்கு முன்பே, 2020 ஜனவரியில், ஓக்லஹோமா ஆளுநர் கலிஃபோர்னியாவுக்கு அரசுச் செலவில் செல்லப் பதில் தடை விதித்திருந்தார்.

யாருக்குப் பாதிப்பு?: தடை விதித்த மாநிலத்திலேயே அதன் சுமை கூடியது. அரசுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தடைப் பட்டியலில் உள்ள மாநிலங்களில் நடைபெறும் கருத்தரங்குகளுக்குச் செல்ல வேறு நிதி தேட வேண்டியிருந்தது. விளையாட்டு அணிகளும் அவ்வாறே. இதேபோன்ற தடையை ஒப்பந்தங்களுக்கும் விதித்திருந்த சான் பிரான்சிஸ்கோ நகரம், போட்டி குறைந்து செலவு கூடியதைக் கண்டு 2023-இல் அதை நீக்கியது.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்றும் உண்டு. பட்டியலில் உள்ள மாநிலங்களில் வாழும் தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கும் திருநர்களுக்கும் இதனால் கிடைத்தது என்ன? தடை நீக்க மசோதாவைக் கொண்டுவந்தவர், மாநில செனட்டின் தலைமைப் பொறுப்பில் இருந்த டோனி அட்கின்ஸ். அவரே தன்பாலின ஈர்ப்பாளர். ஆதரவு தேவைப்படுவோரிடமிருந்து கலிஃபோர்னியா விலகி நிற்பதே தடையின் விளைவு என்பது அவரது வாதம். 2023 செப்டம்பரில் ஆளுநர் கேவின் நியூசம் அதில் கையெழுத்திட்டார். தடைக்குப் பதிலாக, அந்த மாநிலங்களிலேயே சமத்துவச் செய்தியைக் கொண்டுசெல்லும் விளம்பர முயற்சிக்கு அச்சட்டம் வழிசெய்தது.

இந்தியாவில்...: நம் நாட்டில் இத்தகைய மோதலுக்கு இடம் குறைவாக இருந்ததற்குக் காரணம், இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு நாடு முழுவதற்கும் பொதுவாக இருந்ததே. வயதுவந்தோரின் விருப்ப உறவை அப்பிரிவிலிருந்து உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-இல் விலக்கியபோது, அத்தீர்ப்பும் நாடு முழுவதற்கும் பொருந்தியது.

திருமணமோ பொதுப் பட்டியலில் உள்ளது. 2023-இல் தன்பாலினத் திருமண வழக்கு நடைபெற்றபோது மத்திய அரசு மாநிலங்களின் கருத்தைக் கேட்டது. ராஜஸ்தான், ஆந்திரம், அசாம் ஆகியவை எதிர்ப்புத் தெரிவித்தன. திருமணம் அடிப்படை உரிமை ஆகாது என்றும், அங்கீகாரம் வழங்குவது சட்டமியற்றும் அவைகளின் பொறுப்பு என்றும் அந்த ஆண்டு அக்டோபர் 17-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உத்தரகண்டின் பொது சிவில் சட்டம், பதிவு செய்ய வேண்டிய சேர்ந்து வாழும் உறவை ஆண், பெண் இருவருக்கு இடையிலானது என்றே வரையறுக்கிறது. மறுபுறம், தமிழகம் 2008-இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. கர்நாடகம் 2021-இல் அரசு வேலைவாய்ப்பில் திருநர்களுக்கு 1 சதவீத இடஒதுக்கீடு அளித்தது.

ஆக, மாநில எல்லையைக் கடக்கும்போது ஒருவரது உரிமையின் அளவு மாறும் நிலை இங்கும் தோன்றியுள்ளது. மாநிலங்கள் ஒன்றையொன்று கண்டிப்பதற்கு ஜனநாயகத்தில் இடமுண்டு. ஆனால், கண்டனம் எந்த வடிவம் எடுத்தாலும், அது யாருக்காக எழுப்பப்படுகிறதோ அவர்களுக்குப் பயன்படுகிறதா என்பதே உரைகல்லாக இருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை காண கலிஃபோர்னியாவுக்கு ஏழு ஆண்டுகள் தேவைப்பட்டன.