விலைச்சீட்டுக்கு முன்னால் சரிவைப் பாருங்கள்

அமெரிக்காவில் ஊருக்குச் சற்று வெளியே இரண்டு ஏக்கரோடு வீடு வாங்குகிறவர், வீட்டோடு சேர்த்து ஒரு வேலையையும் வாங்கிக்கொள்கிறார். வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் வரை ஏறத்தாழ வாரம் ஒரு முறை புல் வெட்டியாக வேண்டும். புல் இத்தனை அங்குலத்துக்கு மேல் வளரக்கூடாது என்று பல ஊர்களில் விதியே உண்டு. மீறினால் அபராதம் வரும். அரை ஏக்கர் வரைக்கும் தள்ளிக்கொண்டு நடக்கும் இயந்திரம் போதும். அதற்கு மேல் என்றால், ஏறி உட்கார்ந்து ஓட்டும் ரைடிங் மோவர் தேவைப்படும். அங்கே குடியேறி வீடு வாங்கும் தமிழர்களில் பலருக்கு இது முற்றிலும் புதிய கேள்வி. நிலம் தட்டையாக இருந்தால் பெரிய கவலை இல்லை, எதை வாங்கினாலும் ஓடும். பென்சில்வேனியாவிலிருந்து வட ஜார்ஜியா வரை நீளும் அப்பலாச்சியன் மலையடிவாரம் போல மேடும் பள்ளமுமான நிலம் என்றால் கதை வேறு. அங்கே குறைந்த விலைக்கு வாங்கியது இரண்டு மூன்று கோடைகளில் மேட்டில் ஏற மறுத்து நின்றுவிட்டால், மலிவு என்று நினைத்ததுதான் கடைசியில் அதிகச் செலவு வைக்கும்.

கடையில் நிற்கும் இயந்திரத்தின் மேல் மூன்று எண்கள் பளிச்சென்று தெரியும்: விலை, குதிரைத்திறன், வெட்டும் அகலம். நம் ஊரில் டிராக்டர் வாங்கப் போனாலும் “எத்தனை எச்.பி.?” என்பதுதான் முதல் கேள்வி. மேடுபள்ளமான நிலத்துக்கு இந்த மூன்று எண்களுமே சரியான வழிகாட்டி அல்ல. சரிவில் ஓட்டுநரைக் காப்பாற்றுவதும், இயந்திரத்துக்கு ஆயுள் கொடுப்பதும் இருக்கைக்கு அடியில் மறைந்திருக்கும் பாகங்கள்: டிரான்ஸ்மிஷன், அச்சு, பிரேக், டயர். கையில் இருக்கும் பணம் முதலில் அங்கே போக வேண்டும். அகலமும் குதிரைத்திறனும் மிச்சத்தில் கிடைப்பதாக இருக்கட்டும். இதை ஏற்க, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தாலே போதும்.

முதலில் குதிரைத்திறன். ரைடிங் மோவர்களில் சாதாரண வகையான லான் டிராக்டரும் ஓட்டுநரும் சேர்ந்து 310 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். 15 டிகிரிச் சரிவில், மணிக்கு 3 மைல் வேகத்தில் அந்த எடையை மேலே ஏற்றத் தேவைப்படுவது ஏறத்தாழ ஒன்றரைக் குதிரைத்திறன்தான். புல்தரையின் உராய்வையும் இடையில் வீணாவதையும் சேர்த்தாலும் மூன்றைத் தாண்டாது. இன்ஜினோ 18, 20 குதிரைத்திறன் என்று விற்கப்படுகிறது. அதில் பெரும்பகுதி கத்திகளைச் சுழற்றத்தான் செலவாகிறது. ஆகவே மேடு ஏற முடியாமல் திணறும் இயந்திரத்துக்கு இன்ஜின் போதவில்லை என்று முடிவு கட்டி, அடுத்த முறை 24 குதிரைத்திறன் வாங்குவது நோய் ஒன்று, மருந்து வேறு என்ற கதைதான். அந்த எண்ணையே எவ்வளவு நம்பலாம் என்பதும் கேள்விக்குரியது. புல்வெட்டி இன்ஜின்களின் குதிரைத்திறனை மிகைப்படுத்தி விற்றதாக அமெரிக்க நுகர்வோர் தொடுத்த கூட்டு வழக்கு, பல பெரிய நிறுவனங்களோடு 2010இல் சமரசமாக முடிந்தது.

இன்ஜின் தரும் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்ப்பது டிரான்ஸ்மிஷன். இன்று பெரும்பாலான ரைடிங் மோவர்களில் இருப்பது ஹைட்ரோஸ்டாட்டிக் வகை. ஒரு பம்பு எண்ணெயை அழுத்தத்தோடு தள்ளும். அந்த அழுத்தம் ஒரு சிறு மோட்டாரைச் சுழற்றிச் சக்கரத்தை ஓட்டும். கியர் மாற்ற வேண்டாம், கால்மிதியை அழுத்தினால் போதும். ஓட்டுவதற்குச் சுகம்தான், ஆனால் இதற்குச் சூடு பகை. நீண்ட நேரம் மேடு ஏறினால் எண்ணெய் சூடாகி நீர்த்துப்போகும். நீர்த்த எண்ணெய் உள்ளே நுண்ணிய இடைவெளிகளில் கசிந்து அழுத்தத்தை இழக்கும். காலையில் துள்ளி ஏறிய வண்டி ஒரு மணி நேரம் கழித்து அதே மேட்டில் திணறுவது இதனால்தான். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இருக்கும் டஃப் டார்க் கே46 போன்ற டிரான்ஸ்மிஷன்கள் இலகுவான வேலைக்கென்றே உருவாக்கப்பட்டவை. எண்ணெயை மாற்ற எளிய வழி வைக்காமல் மூடப்பட்டே வருகின்றன. தட்டையான அரை ஏக்கரில் அவை பல ஆண்டுகள் உழைக்கும். வாரந்தோறும் மேட்டோடு மல்லுக்கட்ட அவை செய்யப்படவில்லை. கார்டன் டிராக்டர் என்ற அடுத்த படியில் பெரிய டிரான்ஸ்மிஷன், தடித்த அச்சு, எண்ணெயை மாற்றும் வசதி ஆகியவை பொதுவாகக் கிடைக்கும். இரண்டையும் பிரித்தறிய எளிய அடையாளம் ஒன்று உண்டு: லான் டிராக்டரின் பின்சக்கரம் பொதுவாக அச்சில் செருகி ஒரு கிளிப்பால் நிறுத்தப்பட்டிருக்கும், கார்டன் டிராக்டரில் காரில் இருப்பதைப் போல ஐந்து போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருக்கும். பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் குனிந்து சக்கரத்தைப் பார்த்தால் ஓரளவு உண்மை தெரிந்துவிடும்.

அடுத்தது பிடிமானம். இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியல், வாய்க்காலில் தண்ணீர் பள்ளம் பார்த்துப் பாய்வதைப் போல, எந்தச் சக்கரம் சுலபமாகச் சுழல்கிறதோ அதற்கே சக்தியை விட்டுவிடும். ஒரு சக்கரம் பள்ளத்தில் எடை இழந்தால் அது வீணே சுழலும். தரையைப் பற்றியிருக்கும் மறு சக்கரம் சும்மா நிற்கும். டிஃபரன்ஷியலைப் பூட்டும் மிதி உள்ள வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. பின்சக்கரத்தில் எடை கட்டுவதும், ஆழமான பட்டைகள் உள்ள டயர் மாட்டுவதும் செலவு குறைந்த உதவிகள். ஆனால் இலகுவான டிரான்ஸ்மிஷனுக்கு இதிலும் ஓர் ஆபத்து உண்டு. டயர் வழுக்கும்போது டிரான்ஸ்மிஷன் தப்பிக்கிறது. வழுக்காமல் பற்றிக்கொண்டால் முழுச் சுமையும் அதன் தலையில் விழுகிறது. பிடிமானத்தைக் கூட்டுகிறவர் அதைத் தாங்கும் டிரான்ஸ்மிஷனையும் வைத்திருக்க வேண்டும்.

வேகமாக வேலை முடிக்க ஜீரோ டர்ன் இருக்கிறதே என்று பலர் கேட்பார்கள். நின்ற இடத்திலேயே திரும்பும் அந்த வகை, மரங்களும் பூப்பாத்திகளும் நிறைந்த தட்டையான நிலத்துக்கு அருமையானது. அதன் முன்சக்கரங்கள் ஷாப்பிங் வண்டியில் இருப்பதைப் போலத் தாமாகத் திரும்பிக்கொள்பவை. திருப்புவது, நிறுத்துவது இரண்டுமே பின்சக்கரங்களின் பொறுப்பு. ஈரப் புல்லில், இறக்கத்தில், எடை முன்னால் சாய்ந்து பின்சக்கரங்கள் பிடியை இழந்தால் ஓட்டுநருக்குத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. வண்டி போன போக்கில் போகும். முன்சக்கரத்தை ஸ்டியரிங்கால் திருப்பும் ஜீரோ டர்ன்களும் இருக்கின்றன, ஆனால் அவற்றின் விலை கூடுதல். மலிவான லீவர் வகை ஜீரோ டர்னைச் சரிவுக்கு வாங்குவது, வேகத்துக்காகக் கட்டுப்பாட்டை அடகு வைப்பதாகும்.

எந்தச் சரிவு அதிகம் என்பதை ஊகத்துக்கு விட வேண்டியதில்லை. ரைடிங் மோவர் கையேடுகள் பொதுவாக 15 டிகிரிக்கு மேல் ஓட்டாதீர்கள் என்கின்றன; சில ஜீரோ டர்ன்களுக்கு 10 டிகிரிதான் எல்லை. அளப்பது எளிது. மேட்டின் மேல்புறத்தில் தரையோடு ஒரு கயிற்றைக் கட்டி, கீழ்நோக்கி 10 அடிக்கு மட்டமாக இழுத்துப் பிடியுங்கள். அந்த முனையில் கயிற்றுக்கும் தரைக்கும் இடையே 1 அடி 9 அங்குலம் இருந்தால் சரிவு 10 டிகிரி. 2 அடி 8 அங்குலம் இருந்தால் 15 டிகிரி. கையேடுகள் சொல்லும் இன்னொரு சோதனையும் உண்டு: எந்த மேட்டில் பின்னோக்கி ஏற முடியவில்லையோ அந்த மேட்டில் ஓட்டாதீர்கள். ஓட்டும் திசையும் முக்கியம். உட்கார்ந்து ஓட்டும் இயந்திரத்தில் மேலும் கீழுமாகத்தான் வெட்ட வேண்டும். குறுக்கே ஓட்டினால் பக்கவாட்டில் கவிழக்கூடும். தள்ளிச் செல்லும் இயந்திரத்துக்கு இதற்கு நேர்மாறு: குறுக்கே வெட்ட வேண்டும். கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளையம் வீட்டு உபயோக லான் டிராக்டர்களில் பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால், இந்த எல்லையைப் பேரம் பேசும் எண்ணாக நினைக்கக் கூடாது.

என் வாதத்துக்கு வரும் வலுவான மறுப்பு அகலத்தைப் பற்றியது. பெரிய நிலத்தில் 42 அங்குல டெக்கை, அதாவது கத்திகளை மூடியிருக்கும் வெட்டும் பகுதியை, வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓட்டுவதா, 54 அங்குலம் வாங்கினால் நேரம் மிச்சமாகாதா என்பார்கள். கணக்குப் பார்ப்போம். மணிக்கு 3 மைல் வேகம், திரும்புவதற்கும் ஒன்றின்மேல் ஒன்று படிவதற்கும் ஐந்தில் ஒரு பங்கு வீண் என்று கொண்டால், 42 அங்குலம் மணிக்கு ஒரு ஏக்கரை முடிக்கும். 54 அங்குலம் 1.3 ஏக்கரை முடிக்கும். இரண்டு ஏக்கரில் வித்தியாசம் அரை மணி நேரம். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினால்தான் அந்த மிச்சமும். மேடுபள்ளத்தில் வேகத்தை முடிவு செய்வது டெக் அல்ல, ஓட்டுநரின் முதுகு. இருக்கை தூக்கிப் போடும்போது யாரும் வேகமாக ஓட்ட மாட்டார்கள். மேலும், அகலமான டெக் ஒரு சிறு மேட்டின் மேல் போகும்போது நடுவில் புல்லை வேரோடு சுரண்டிவிட்டு, இரு பக்கமும் நெட்டையாக விட்டுச்செல்லும். குறுகிய டெக் நிலத்தின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து போகும். நான்கைந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு அகலத்தின் கணக்கு மாறலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மூன்று ஏக்கர் கரடான நிலத்துக்கு 42 முதல் 48 அங்குலமே அளவானது.

அடுத்த மறுப்பு பணம். கார்டன் டிராக்டர் வாங்கு என்று சொல்வது எளிது. 42 அங்குல லான் டிராக்டர் சுமார் 2,000 முதல் 2,500 டாலரில் புதிதாகக் கிடைக்கும்போது, அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கொடுத்துவிட்டு அதை எப்படிச் சிக்கனம் என்பது? புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காவிட்டால் இதற்கு விடை உண்டு. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961இல் கப் கேடட்டையும், ஜான் டியர் 1963இல் 110 மாடலையும் கொண்டுவந்ததிலிருந்து, கனமான இரும்பில் செய்த கார்டன் டிராக்டர்கள் அமெரிக்கக் கொட்டகைகளில் நிறைந்து கிடக்கின்றன. நன்றாகப் பராமரித்த பழைய கார்டன் டிராக்டர் ஒன்று, புதிய லான் டிராக்டரின் விலைக்குள்ளேயே அடிக்கடி கிடைக்கிறது. பழையதில் ஏமாற மாட்டோமா என்ற அச்சம் நியாயமானது. அதற்கு ஒரு சோதனை உண்டு. குளிர்ந்திருக்கும் வண்டியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அரை மணி நேரம் ஓட்டி, நன்றாகச் சூடேறிய பிறகு மேட்டில் ஏற்றிப் பாருங்கள்; தேய்ந்த ஹைட்ரோஸ்டாட்டிக் அப்போதுதான் தன் குறையைக் காட்டும். டெக்கின் அடிப்பக்கத் துரு, கத்தி சுழலும் தண்டின் பேரிங், முன் அச்சு அசையும் ஆணியின் தேய்மானம், ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டரின் கணக்கு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். உத்தரவாதம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தாங்காத டிரான்ஸ்மிஷனுக்கு இருக்கும் உத்தரவாதம், காலக்கெடு முடிந்த மறுநாள் எதற்கும் உதவாது.

இத்தனை தொல்லை எதற்கு, ஆள் வைத்து வெட்டிவிடலாமே என்பது மூன்றாவது கேள்வி. ஒரு முறைக்கு 100 டாலர், பருவத்துக்கு 25 முறை என்று வைத்தால் ஆண்டுக்கு 2,500 டாலர். ஒரே ஆண்டுக் கூலியில் இயந்திரமே வந்துவிடும். ஆனால் இந்தக் கேள்விக்குள் நல்ல யோசனை ஒன்று ஒளிந்திருக்கிறது. நிலம் முழுவதையும் ஒரே இயந்திரம்தான் வெட்ட வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான கரடான நிலங்களில் மிகச் செங்குத்தான பகுதி சிறிய பங்குதான். அந்தச் சிறு பங்கே விலையை மேலே தள்ளுகிறது. 30 டிகிரிச் சரிவிலும் வெட்டக்கூடிய வென்ட்ராக் போன்ற நான்கு சக்கர இயக்க இயந்திரங்கள் இருக்கின்றன, ஆனால் அவை கார் விலையில் விற்பவை. அதற்குப் பதில் 15 டிகிரிக்கு மேற்பட்ட துண்டைப் புல்வெளிக் கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம். புதர்ச்செடியோ, தரையில் படரும் செடியோ நட்டுவிட்டால் மண்ணரிப்பும் குறையும். இல்லையேல் ஆண்டுக்கு இரண்டு முறை கூலிக்கு வெட்டச் சொல்லலாம். இப்படி எல்லையைச் சுருக்கியவருக்கு நடுத்தர விலை இயந்திரமே போதும்.

பேட்டரியில் ஓடும் ரைடிங் மோவர்களும் இப்போது கடைகளில் பெருகிவருகின்றன. சக்கரத்தை மின்மோட்டாரே ஓட்டும் மாடல்களில், எண்ணெய் சூடாகி நீர்த்துப்போகும் பிரச்சினை இல்லை என்பது சரிவுக்கு உண்மையான அனுகூலம். ஆனால் விளம்பரத்தில் சொல்லும் ஏக்கர் கணக்கு தட்டையான நிலத்துக்கானது. ஏற்றமும் அடர்ந்த புல்லும் பேட்டரியை விரைவாகக் காலி செய்யும், நாளடைவில் பேட்டரியின் கொள்ளளவும் குறையும். அறிவித்த அளவில் பாதியே நம் நிலம் என்றால் யோசிக்கலாம். அதை ஒட்டி வரும் அளவு என்றால் வேண்டாம்.

ஆக, வாங்கும் வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். விலையில் தொடங்கிக் குதிரைத்திறன் வழியாக அகலத்துக்குப் போகும் வழக்கத்தை விட்டு, முதலில் கயிறு கட்டிச் சரிவை அளக்க வேண்டும். எல்லை மீறும் துண்டை ஒதுக்க வேண்டும். மிச்சமிருக்கும் சரிவைத் தாங்கும் டிரான்ஸ்மிஷனைத் தேட வேண்டும். அதன் பிறகே டெக் எத்தனை அங்குலம் என்பதும், அந்த டெக்கைச் சுழற்ற எத்தனை குதிரைத்திறன் போதும் என்பதும். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அப்போது மாறிவிடும்: இதில் எந்த டிரான்ஸ்மிஷன் இருக்கிறது, அதன் எண்ணெயை மாற்ற முடியுமா, கையேட்டில் சரிவு எல்லை எத்தனை டிகிரி? இதற்கு நேரான பதில் சொல்லத் தெரியாத கடையில், தள்ளுபடி எவ்வளவு என்று கேட்பதில் பயன் இல்லை.