மூடினாலும் மறக்காத செட்டிங்ஸ்

மென்பொருளை மூடியதும் ரேமில் அது பிடித்திருந்த இடம் காலியாகிவிடும். பயனர் பார்த்துப் பார்த்து மாற்றிய மொழி, எழுத்துரு, விசைப்பலகை எல்லாம் அதோடு போய்விடும். மறுபடி திறக்கும்போது அவை அப்படியே இருக்க வேண்டுமென்றால் வட்டில் எழுதி வைத்தாக வேண்டும். தென்காசியில் ஒரு டிடிபி கடையை எடுத்துக்கொள்வோம்: ஒரே கணினியில் ஒருவர் தமிழ்99 முறையிலும் இன்னொருவர் பழைய தட்டச்சு முறையிலும் அடிக்கலாம். ஆகவே எங்கே எழுதுவது என்பதோடு, யார் பேரில் எழுதுவது என்பதும் முக்கியம்.

தொடக்க கால விண்டோஸில் ஐஎன்ஐ என்ற சாதாரண உரைக்கோப்புகள் இந்த வேலையைச் செய்தன. விண்டோஸ் 95 முதல் ரெஜிஸ்ட்ரி என்ற பொதுக் களஞ்சியம் பரவலானது. யூனிக்ஸில் நடந்தது வேடிக்கை. கோப்புறைப் பட்டியலில் வரும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்ற இரண்டு சிறப்புக் குறிகளை மறைக்க நினைத்தவர்கள், முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் சோதித்தார்கள். விளைவு, புள்ளியில் தொடங்கும் எந்தக் கோப்பும் கண்ணில் படாமல் போனது. மென்பொருள்கள் செட்டிங்ஸை அப்படிப்பட்ட கோப்புகளில் ஒளித்து வைக்கப் பழகின. பயனரின் கோப்புறை குப்பையானது. லினக்ஸ் உலகம் பிறகு அமைப்புகள், தரவு, தற்காலிகக் கோப்புகள் மூன்றுக்கும் தனித்தனி இடம் வகுத்தது. ஆர் நிரல்மொழியும் 2020-இல் வந்த 4.0 பதிப்பில் தன் தொகுப்புகளுக்கு அதே ஏற்பாட்டைத் தந்தது.

கோப்பின் உள்ளே பெரிதாக எதுவும் இராது:

மொழி = தமிழ்
விசைப்பலகை = தமிழ்99
எழுத்தளவு = 14

பயனர் மாற்றியதை மட்டும் எழுதுவதே நல்ல வழக்கம். மாற்றாததையும் சேர்த்து எழுதினால், அடுத்த பதிப்பில் இயல்பு அமைப்பு மேம்பட்டாலும் பழைய பயனருக்கு அது போய்ச் சேராது. மென்பொருள் முதலில் தன் இயல்பு மதிப்புகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் மேல் இந்த வரிகளைப் பொருத்தும்.

குற்றால சீசனில் காற்றும் சாரலும் சேர்ந்து கரண்டைப் பறிக்கும் நேரத்தில் கோப்பு பாதி எழுதப்பட்டிருந்தால்? அனுபவமுள்ள நிரலர் பழைய கோப்பின் மேலேயே எழுதமாட்டார். தற்காலிகக் கோப்பில் முழுவதும் எழுதி, அது வட்டில் இறங்கியதை உறுதிசெய்த பிறகே பழைய பெயரை அதற்குச் சூட்டுவார். நடுவில் மின்சாரம் போனாலும் பழையதோ புதியதோ ஒன்று முழுதாகக் கிடைக்கும்.

இணையத்தில் செட்டிங்ஸை நினைவில் வைக்க முதலில் கைகொடுத்தது 1994-இல் நெட்ஸ்கேப்பின் லூ மாண்டுலி உருவாக்கிய, உலாவி சேமித்து வைக்கும் குக்கீ என்ற சிறு தரவு. ஆனால் அது அந்த உலாவியோடு நின்றுவிடும். 2011-இல் தென்காசிக்கு வந்த ஸோஹோ நிறுவனம், இங்கிருந்து உருவாக்கிய ஸோஹோ டெஸ்க் போன்ற இணைய மென்பொருள்களில் பயனரின் விருப்பங்கள் கணக்கோடு சேர்ந்து சர்வரில் இருக்கும்; தென்காசி அருகே மத்தளம்பாறையில் மாற்றியது சென்னையிலும் தெரியும். ஒரே அமைப்பை இரண்டு கருவிகளில் மாற்றினால், பெரும்பாலும் கடைசி மாற்றமே நிற்கும்.

கடவுச்சொல்லுக்கு மட்டும் இந்தக் கோப்புகளில் இடமில்லை. அதற்கென இயங்குதளமே பூட்டிய பெட்டகம் வைத்திருக்கிறது.