சொல்லுக்கு எல்லை வகுத்தல்

சாத்தனூரில் கிடக்கும் கல்மரத்தைக் காணச் சென்றிருந்தபோது மாணவன் ஒருவன் வினவினான்: "ஐயா, இவ்வூர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. நூலிலோ இம்மரம் 'திருச்சிராப்பள்ளித் தொகுதி'யைச் சேர்ந்தது என்று எழுதியிருக்கிறதே, நூல் பிழையா?"

பிழை நூலில் இல்லை, நேயர்களே. அச்சொல்லைப் படித்த முறையில் இருக்கிறது. நூல்களில் வரும் சொற்கள் இருவகையின. உலக வழக்கின்படி பொருள் தருவன ஒருவகை. ஆசிரியர் எல்லை வகுத்த பொருளை மட்டுமே தருவன மற்றொரு வகை. பின்னதைக் கலைச்சொல் என்கிறோம்.

1862-ஆம் ஆண்டில் ஹென்றி பிளான்ஃபோர்டு என்னும் நிலவியல் அறிஞர், பண்டைக் கடல் இப்பகுதியில் படியவிட்ட பாறைகளை ஆராய்ந்து மூன்றாகப் பகுத்தார். அடியில் உள்ளது ஊட்டத்தூர்த் தொகுதி. இடையில் உள்ளது திருச்சிராப்பள்ளித் தொகுதி. மேலே உள்ளது அரியலூர்த் தொகுதி. பெயர் வைத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. எவ்வகைப் பாறை, எதன்மேல் எது, எவ்வுயிர்களின் எச்சங்கள் என்றெல்லாம் விளக்கினார். பின்வந்தோர் விளக்கத்தை மீண்டும் எழுதாமல் பெயரை மட்டும் ஆண்டனர். பெயரைக் கண்டவுடன் முன்னைய விளக்கத்தை நினைவிற்கொள்வது படிப்போர் கடமையாயிற்று.

அந்நாளில் இவ்வூர்கள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தன. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001-இல் பிரிந்து, மறு ஆண்டே இணைந்து, 2007-இல் மீண்டும் பிரிந்தது. மாவட்டங்களின் எல்லை மாறிற்று. பாறைத் தொகுதியின் எல்லை அதனால் மாறவில்லை. அதுமட்டுமன்று, திருச்சிராப்பள்ளி நகரின் நடுவே நிற்கும் மலைக்கோட்டைப் பாறை, திருச்சிராப்பள்ளித் தொகுதியைச் சேர்ந்ததன்று! அது மிகமிகத் தொன்மையானது.

நம் இலக்கணத்தார்க்கு இது புதிதன்று. முள்ளை உடைமையால் ஒரு செடிக்கு முள்ளி என்று பெயர். ஆயினும் முள்ளுடைய செடியெல்லாம் முள்ளி ஆவதில்லை. இதனையே காரண இடுகுறிப்பெயர் என்றனர். பிளான்ஃபோர்டு இட்ட பெயர்களும் அத்தகையனவே.

ஆகவே எழுதுவோர் கலைச்சொல் முதன்முதல் வருமிடத்திலேயே அதன் பொருளை வரையறுத்தல் வேண்டும். பின்னர் அதே பொருளை அதே சொல்லாற் சுட்டுதல் வேண்டும். ஒரு பக்கத்தில் 'தொகுதி' என்றும், மறுபக்கத்தில் 'அடுக்கு' என்றும் எழுதினால், படிப்பவர் இரண்டும் வேறு என்று மயங்குவர். செய்யுளுக்கு அழகு தரும் சொல்மாற்றம் விளக்கவுரைக்கு ஊறு செய்யும்.

இது புலவர்க்கும் மாணவர்க்கும் மட்டும் உரிய செய்தி என்று எண்ணற்க. சுண்ணாம்புக்கல் நிறைந்த நம் பகுதியில் நிலம் கைமாறுவது உண்டு. பத்திரத்தின் முற்பகுதியில் "இதனடியிற் கண்ட சொத்து" என்றிருக்கும். அச்சொல்லுக்குப் பொருள் ஈற்றிலுள்ள சொத்து விவரத்தில், சர்வே எண்ணிலும் பரப்பிலும் நான்கெல்லையிலும் இருக்கிறது. அதனைப் பாராது ஒப்பமிடுபவர், தாம் மனத்தில் எண்ணிய நிலத்தையன்று, எழுதப்பட்ட நிலத்தையே கொடுத்துவிடுகிறார். சொல்லைக் கண்டதும் அதன் எல்லையைத் தேடிப் பார்ப்பதே கற்றதன் பயன்.