கொதிகலன் சாம்பலில் மின்கல உலோகம்

ஃபர்னஸ் ஆயில் போன்ற கனரக எண்ணெயை எரிக்கும் அனல்மின் நிலையங்களில், புகைபோக்கிக்கு முன்னாலுள்ள நிலைமின் வடிகட்டிகளில் கரிய சாம்பல் சேர்கிறது. எரியாத கார்பன், கந்தகச் சேர்மங்கள், நிக்கல் ஆகியவற்றோடு வனேடியம் என்ற உலோகமும் அதில் உண்டு. இந்தச் சாம்பலைத் திறந்தவெளியில் கொட்டினால், மழைநீரில் உலோகங்கள் கரைந்து நிலத்தடி நீரைக் கெடுக்கும். தூசியாகச் சுவாசித்தால் நுரையீரல் பாதிக்கப்படும். ஆனால், சூரிய மின்சாரத்தையும் காற்றாலை மின்சாரத்தையும் சேமிக்கும் ஒருவகைப் பெரிய மின்கலத்துக்கு இந்த வனேடியமே மூலப்பொருள்.

எண்ணெயில் எப்படி வந்தது?

கச்சா எண்ணெயில் வனேடியம், பார்ஃபிரின் என்ற வளைய மூலக்கூறுக்குள் பிணைந்திருக்கிறது. தொல்காலத் தாவரங்கள், பாசிகளின் பச்சையத்திலிருந்து வந்த எச்சம் இந்த வளையம். 1930களில் ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் இதைக் கண்டறிந்தார். வெனிசுவேலாவின் கனரக எண்ணெயில் வனேடியம் மிகுதி. சுத்திகரிப்பில் பெட்ரோலும் டீசலும் பிரிந்தபின் உலோகம் அடிக்கசடில் தங்குகிறது. கசடை எரித்தால் சாம்பலில் மேலும் செறிகிறது. சுரங்கங்களில் எடுக்கப்படும் காந்தத் தாதுக்களில் வனேடியம் ஆக்சைடு பெரும்பாலும் 2 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. எண்ணெய்ச் சாம்பலில் பல நேரங்களில் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது.

பிரித்தெடுப்பது எப்படி?

சாம்பலைக் கந்தக அமிலத்திலோ சோடியம் ஹைட்ராக்சைடிலோ கலக்கினால் வனேடியம் கரையும். கார்பன் வடிகட்டியில் நின்றுவிடும். கரைசலை ஆக்சிஜனேற்றம் செய்து அம்மோனியம் உப்பைச் சேர்த்தால், அம்மோனியம் மெட்டாவனேடேட் வெண்ணிற வீழ்படிவாகப் படிகிறது. அதைச் சுமார் 500 டிகிரி செல்சியஸில் சுட்டால் அம்மோனியா வெளியேறி, செம்மஞ்சள் நிற வனேடியம் பென்டாக்சைடு மிஞ்சும். இத்தூளைக் கந்தக அமிலத்தில் ஒடுக்கிக் கரைத்தால் கிடைக்கும் நீலக் கரைசலே மின்கலத்துக்கான மின்பகுளி. இதில் பிற உலோகங்கள் கலந்திருந்தால் மின்கலத்தின் செயல்திறன் குறையும் என்பதால், தூய்மைப்படுத்தும் கட்டமே செலவும் கவனமும் மிகுந்தது.

மின்கலம் இயங்கும் விதம்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்கைலாஸ்-கசாகோஸ் குழுவினர் 1980களில் வனேடியம் பாய்வு மின்கலத்தை உருவாக்கினர். இரு தொட்டிகளிலுள்ள கரைசல்கள், ஒரு சவ்வின் இருபுறமும் பம்பு மூலம் ஓடும். மின்னேற்றும்போது ஒரு பக்கக் கரைசல் நீலத்திலிருந்து மஞ்சளாகவும், மறுபக்கக் கரைசல் பச்சையிலிருந்து ஊதாவாகவும் மாறும். மின்சாரத்தை எடுக்கும்போது பழைய நிறங்கள் திரும்பும். இரு பக்கமும் ஒரே உலோகம் என்பதால், சவ்வைத் தாண்டிக் கலந்தாலும் கரைசல் வீணாகாது. பல்லாண்டு உழைத்தபின்னும் வனேடியத்தை மீட்டுப் பயன்படுத்தலாம். கரைசல் நீர் சார்ந்தது; தீப்பற்றாது. எடை மிகுதி என்பதால் வாகனங்களுக்கு ஏற்றதன்று, மின்தொகுப்புக்கே பொருந்தும். சீனாவின் தாலியனில் 2022இல் 100 மெகாவாட் திறனும் 400 மெகாவாட்-மணி கொள்ளளவும் கொண்ட நிலையம் இயங்கத் தொடங்கியது.

சாம்பலையும் மின்கலத்தையும் முதலில் இணைத்த நாடுகளில் ஜப்பான் குறிப்பிடத்தக்கது. அங்குள்ள காஷிமா-கிதா மின் நிறுவனம், தன் கொதிகலன் சாம்பலின் வனேடியத்தைப் பயன்படுத்த முனைந்து, 1990களில் 200 கிலோவாட் மின்கலத்தை நிறுவியது.

எண்ணெயை எரிப்பதற்கு இது நியாயமாகாது. எரிப்பது குறையக் குறையப் புதிய சாம்பலும் குறையும். ஆனால், ஏற்கெனவே குவிந்துள்ள சாம்பலைப் புதைப்பது, நீரையும் மண்ணையும் நஞ்சாக்கி நல்ல தாதுவையும் இழப்பதாகும். அதைக் கழிவுப் பட்டியலிலிருந்து எடுத்துக் கனிம வளமாகக் கணக்கிடுவதே அறிவுடைமை.