பல் உறையின் பள்ளமும் ஒரு சாக்பீஸும்

எட்டாம் வகுப்பில் 'விசையும் அழுத்தமும்' பாடம் நடத்திக்கொண்டிருந்த வாரத்தில், முறுக்கைக் கடித்தபோது என் கடைவாய்ப் பல்லுக்குப் போட்டிருந்த பீங்கான் உறை உடைந்தது. கேப், கிரவுன் என்று நாம் சொல்வது இதைத்தான். மேற்பரப்பின் நடுப்பள்ளம் வழியாகவே அது இரண்டாகப் பிளந்திருந்தது. துண்டுகளைக் கழுவி வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். "மேடு பள்ளம் இல்லாம சமமா செஞ்சிருந்தா உடைஞ்சிருக்காதே, சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அழுத்தத்தின் சூத்திரத்தைச் சொல்லிச் சமாளித்தேன். அது அவள் கேள்விக்கு விடையல்ல என்பது எனக்கே தெரிந்தது. பிறகு தேடிப் படித்துத் தெளிந்ததை இங்கே பகிர்கிறேன்.

கடைவாய்ப் பற்களால் பலமாகக் கடிக்கும்போது பல நூறு நியூட்டன் விசை உண்டாகிறது. 500 நியூட்டன் என்பது ஏறத்தாழ 50 கிலோகிராம் நிறையுள்ள பொருளின் எடை. பீங்கான் அமுக்குவிசையை நன்றாகத் தாங்கும். இழுவிசைக்கு எளிதில் விரிசல் விடும். ஆகவே, எவ்வளவு விசை விழுகிறது என்பதோடு, அது எந்தத் திசையில் பிரிகிறது என்பதும் முக்கியம். அதைத் தீர்மானிப்பதில் மெல்லும் பரப்பின் வடிவத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

மெல்லும்போது எதிர்ப்பல்லின் முகடு, உறையின் பள்ளத்தில் வந்து அமர்கிறது. பள்ளத்தின் சரிவுகள் செங்குத்தாக இருந்தால், அம்முகடு விறகில் இறங்கும் ஆப்பைப்போல இருபுறமும் தள்ளும். பள்ளத்தின் அடியில் இழுவிசை தோன்றும். சரிவு குறைந்தால் பக்கவாட்டுத் தள்ளலும் குறையும்.

பள்ளத்தின் அடி கூர்மையாக இருந்தால் தகைவு அந்த ஒரே கோட்டில் குவியும். கிண்ணம்போல் வளைந்திருந்தால் பரவும். இழுக்கப்படும் அகன்ற தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால், அதன் விளிம்பில் தகைவு 3 மடங்காகும். துளை குறுகிக் கூர்மையானால் இன்னும் கூடும். இதை 1913-இல் பொறியாளர் சார்லஸ் இங்லிஸ் கணக்கிட்டுக் காட்டினார். மேலும், பள்ளம் ஆழமானால் அந்த இடத்தில் உறையின் தடிமனும் குறைகிறது.

அப்படியானால் சமமாகவே செய்துவிடலாமே? தட்டையான அம்மியில் அரைப்பதற்கும் கொத்திய அம்மியில் அரைப்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும். முகடுகள் இல்லாத பல் உணவைச் சரியாக அரைக்காது. எதிர்ப்பல்லோடு பொருந்தவும் செய்யாது. எனவே மிதமான சரிவு, வளைந்த பள்ளம், போதிய தடிமன் ஆகிய மூன்றும் சேர்ந்ததே நல்ல வடிவம். உறையைப் பொருத்திய பின் மருத்துவர் வண்ணத் தாளைக் கடிக்கச் சொல்வதும் இதற்காகத்தான். ஒரே புள்ளியில் விசை குவிந்தால், அந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்வார். உறை செய்யும் பொருளும் ஒட்டும் முறையும்கூட வலிமையைப் பாதிக்கும்.

இதை வகுப்பில் காட்ட இரண்டு சாக்பீஸ் போதும். ஒன்றின் நடுவில் ஆசிரியரே பிளேடால் மெல்லிய வெட்டு போட வேண்டும். முதலில் வெட்டில்லாததை நிற்கவைத்து மேலிருந்து அமுக்குங்கள், எளிதில் உடையாது. அதையே வளைத்தால் உடையும். வெட்டுள்ளதை, வெட்டு வெளிப்பக்கம் இருக்குமாறு வளைத்தால் இன்னும் குறைந்த விசையிலேயே, வெட்டு போட்ட இடத்திலேயே உடையும்.

அந்த மாணவியின் கையாலேயே வளைக்கச் சொன்னேன். உடைந்த சாக்பீஸையும் என் பல் உறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள், "ரெண்டும் ஒரே மாதிரிதான் சார் உடைஞ்சிருக்கு" என்றாள். நான் சமாளித்த கேள்விக்கு விடை அவளிடமிருந்தே வந்தது.