கதவைத் தட்டுவது யார்? மாத்தூரில் கணக்கு எடுப்பவர் வேறு, போலீஸ் வேறு!

மாத்தூரில் ஒரு வாடகை வீட்டின் கதவை இரண்டு பேர் தட்டலாம்.

ஒருவர் கையில் செல்போனோடு வருவார். "வீட்டுல எத்தனை பேரு? எந்த ஊர்ல பிறந்தீங்க?" என்று கேட்பார். அவர் ஜனத்தொகை கணக்கெடுக்கும் ஊழியர். பெரும்பாலும் பள்ளிக்கூட வாத்தியார்.

இன்னொருவர் காக்கிச்சட்டையில் வருவார். "எந்த ஊருப்பா? கார்டு இருக்கா?" என்று கேட்பார். அவர் போலீஸ்காரர்.

இரண்டு பேரும் நம்ம ஊர் ஆட்கள்தான். ஆனால் இருவர் கையிலும் இருப்பது டெல்லி போட்ட சட்டம். அதுவும் ஒரே சட்டம் அல்ல. வேறு வேறு சட்டம்!

இந்த வித்தியாசம் தெரியாமல், வாத்தியாரைப் பார்த்ததும் "எதுக்கு வம்பு?" என்று கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. அதனால் நஷ்டம் யாருக்கு? மாத்தூருக்குத்தான்!

கிராமம் பட்டணமான கதை

2011-ல் கடைசியாகத் தலை எண்ணியபோது மாத்தூர் ஒரு கிராம பஞ்சாயத்து. திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் சென்னை மாநகராட்சி பெரிதானது. 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 கிராம பஞ்சாயத்து என்று மொத்தம் 42 ஊர்கள் சேர்ந்தன. அதில் மாத்தூரும் ஒன்று. 2018-ல் சென்னை மாவட்டத்தின் எல்லையும் விரிந்தது. கிராமத்துக்காரர் ஒரே இடத்தில் இருந்தபடியே பட்டணத்துக்காரர் ஆனார்!

கணக்கைப் பாருங்கள். பழைய சென்னை மாவட்டத்தில் 2001-ல் 43 லட்சத்து 43 ஆயிரம் பேர். 2011-ல் 46 லட்சத்து 46 ஆயிரம். பத்து வருடத்தில் 100-க்கு 7 பேர்தான் கூடினார்கள்.

திருவள்ளூர் மாவட்டத்தில் 27 லட்சத்து 54 ஆயிரம் பேர், 37 லட்சத்து 28 ஆயிரம் ஆனார்கள். 100-க்கு 35 பேர் கூடுதல்!

நகரத்துக்குள் வாடகை கட்டுப்படவில்லை. புறநகருக்கு ஜனம் நகர்ந்தது. மாத்தூருக்குப் பக்கத்திலேயே மணலி. 1969-ல் அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. உரத் தொழிற்சாலை, ரசாயனத் தொழிற்சாலை என்று வரிசையாக வந்தன. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், சரக்கு கிடங்குகள் பெருகின. தெற்கு மாவட்டத்துக்காரர் வந்தார். ஆந்திராக்காரர் வந்தார். இப்போது பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்காளத்தில் இருந்தும் வருகிறார்கள்.

இவர்கள் எல்லாம் இந்தியர்கள். எந்த ஊரிலும் தங்கி வேலை பார்க்க அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு உரிமை கொடுத்திருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

2021-ல் எடுக்கவேண்டிய கணக்கு எடுக்கப்படவில்லை. 15-வது நிதிக்கமிஷன் மாநிலங்களுக்குப் பணம் பிரித்தபோதும் 2011-ம் ஆண்டு தலைக்கணக்கைத்தான் வைத்துப் பார்த்தது. மாத்தூர் கிராமமாக இருந்த காலத்துக் கணக்கு!

வாத்தியார் கொண்டு வரும் சட்டம்

ஜனத்தொகை கணக்கு மத்திய சர்க்காரின் அதிகாரம். அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் 69-வது இனம். நடத்துவது 1948-ம் வருட ஜனத்தொகை சட்டத்தின்படி.

அடுத்த கணக்குக்கு 2025 ஜூன் 16-ந் தேதி அறிவிப்பு வந்தது. வீட்டுக் கணக்குக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலம் ஒதுக்கப்பட்டது. தலைக்கணக்குக்கு 2027 பிப்ரவரி மாதம். 2027 மார்ச் 1-ந் தேதி நிலவரத்தை வைத்து முடிவு சொல்லப்படும். இந்த முறை காகிதம் இல்லை; செல்போன். சாதியும் கேட்கப்படும்.

இந்தச் சட்டத்தில் ஒரு பெரிய பாதுகாப்பு இருக்கிறது. அது 15-வது பிரிவு.

வாத்தியாரிடம் நீங்கள் சொன்னதை யாரும் கேட்டு வாங்கிப் பார்க்க முடியாது. கோர்ட்டில் உங்களுக்கு எதிராக சாட்சியமாகக் காட்டவும் முடியாது. அனுமதி இல்லாமல் வெளியே சொன்ன ஊழியருக்கு மூன்று வருடம் வரை ஜெயில் உண்டு!

கேள்விக்கு பதில் சொல்வது நம் கடமை. ஆனால் வழக்கப்படி கணவன் பெயரைச் சொல்லாத பெண், சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை என்றுகூட அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தியராக இருந்தால்தான் எண்ணுவார்கள் என்பதும் இல்லை. இங்கே குடியிருக்கும் வெளிநாட்டவரும் கணக்கில் வருவார். எண்ணுவது தலையை, பாஸ்போர்ட்டை அல்ல.

போலீஸ்காரர் கொண்டு வரும் சட்டம்

குடியுரிமை, வெளிநாட்டவர், இந்தியாவுக்குள் வருவது, வெளியேற்றுவது, பாஸ்போர்ட்டு, விசா இவை மத்தியப் பட்டியலில் 17, 19-வது இனங்கள். சட்டசபையில் இதற்குத் தனிச் சட்டம் போட முடியாது.

ஆனால் போலீஸ் மாநிலத்தின் கையில். டெல்லி சட்டம் போட்டாலும் மாத்தூர் தெருவுக்கு வர அதற்கு ஆள் வேண்டுமே! அதனால் 1958-ல் வெளிநாட்டவர் சட்டத்தின் சில அதிகாரங்களை மத்திய சர்க்கார் மாநில சர்க்கார்களிடம் ஒப்படைத்தது. மாவட்டங்களில் போலீஸ் சூப்பிரண்டே வெளிநாட்டவரைப் பதிவு செய்யும் அதிகாரி. வேலை மாநிலத்துக்கு, கடைசி வார்த்தை டெல்லிக்கு!

1946-ம் வருட வெளிநாட்டவர் சட்டம் இப்போது இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் புதிய சட்டம் வந்துவிட்டது. செல்லத்தக்க பாஸ்போர்ட்டு, விசா இல்லாமல் நுழைந்தால் ஐந்து வருடம் வரை ஜெயில், அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

2025 மே மாதம் மத்திய உள்துறை மாநிலங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. வங்காளதேசம், மியான்மரில் இருந்து திருட்டுத்தனமாக வந்தவர் என்று சந்தேகப்பட்டால், "நான் இந்த ஊர்" என்று அவர் சொல்லும் மாநிலத்துக்கே எழுதி 30 நாளில் சரிபார்க்க வேண்டும் என்றது.

இதில்தான் சிக்கல். மேற்கு வங்காளத்துக்காரரும் வங்காளிதான் பேசுகிறார். வங்காளதேசத்துக்காரரும் வங்காளிதான் பேசுகிறார். பேச்சை மட்டும் கேட்டு ஒருவரை "அந்நியன்" என்று முடிவு கட்டினால், நம் நாட்டு ஆளையே நாம் நாடு கடத்தியவர்கள் ஆவோம்!

பர்மா நகர் முதல் புழல் வரை

வடசென்னைக்கு இது புதுக்கதை அல்ல.

1960-களில் பர்மாவில் கடைகளையும் தொழில்களையும் அரசு எடுத்துக்கொண்டது. தமிழர்கள் கப்பல் ஏறி சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்களை அழைத்து வர ஏற்பாடு செய்தது டெல்லி. குடியமர்த்த இடம் கொடுத்தது மாநிலம். மாத்தூருக்குக் கிழக்கே சடையங்குப்பம் பக்கம் இருக்கும் பர்மா நகரின் பெயரே அதற்கு சாட்சி.

1964-ல் டெல்லியும் கொழும்பும் ஒப்பந்தம் போட்டு, 5 லட்சத்து 25 ஆயிரம் மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்பது என்று முடிவு செய்தன. கையெழுத்து சாஸ்திரியும் சிரிமாவோவும். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டு வேலை கொடுத்தது தமிழ்நாடு.

1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் அகதிகளாக வந்தார்கள். 2021-ல் சட்டசபையில் தமிழக அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் 58 ஆயிரத்து 822 பேர். வெளியே போலீசில் பதிந்து வாழ்பவர்கள் 34 ஆயிரத்து 87 பேர். மாத்தூருக்குக் கிட்டத்திலேயே புழல் காவாங்கரையில் ஒரு முகாம் இருக்கிறது.

முகாமை நடத்துவது மாநிலம். பணக்கொடை கொடுப்பது மாநிலம். கண்காணிப்பது மாநிலத்தின் கியூ பிரிவு போலீஸ். குடியுரிமை கொடுப்பது? அது டெல்லி மட்டும்தான்!

பிறந்த தேதி செய்த மாயம்

1987 ஜூலை 1-க்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் இந்தியர். அதன் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் நிபந்தனை இன்னும் கடுமை.

1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதை வைத்து ஐகோர்ட்டுக்குப் போனார். 2022-ல் அவருக்கு பாஸ்போர்ட்டு கொடுக்க உத்தரவு வந்தது. 2024 பாராளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். ஆனால் அடுத்த ஆண்டு கடைசியில் பிறந்த அவர் வயதுப் பிள்ளைகள் அகதிகளாகவே நிற்கிறார்கள். ஒரே முகாம், ஒரே பள்ளிக்கூடம். தேதிதான் வேறு!

2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட்டு இல்லை என்று தண்டனை கிடையாது என 2025-ல் டெல்லி விலக்கு கொடுத்தது. ஜெயில் பயம் நீங்கியது. குடியுரிமை வரவில்லை.

அமெரிக்காவிலும் இதே வழக்கு

அமெரிக்காவில் அரிசோனா மாநிலம் 2010-ல் தானே ஒரு சட்டம் போட்டு, குடியேறியவர்களைப் பிடிக்கப் பார்த்தது. 2012-ல் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு அதில் மூன்று பிரிவுகளை அடித்துவிட்டது. "இது மத்திய சர்க்கார் வேலை" என்பதே தீர்ப்பின் சாரம். வழக்கில் இருந்த நாலாவது பிரிவு, பிடித்தவரின் குடியேற்ற நிலையை போலீஸ் விசாரிப்பது, அது மட்டும் அப்போது தப்பியது.

நாம் செய்ய வேண்டியது

வாத்தியார் வந்தால் அடையாள அட்டையைக் கேளுங்கள். இருந்தால் கதவைத் திறந்து பதில் சொல்லுங்கள். 2010-ல் எடுத்த தேசிய ஜனத்தொகை பதிவேடு வேறு. அது குடியுரிமைச் சட்டத்தின் கீழ் வருவது. ஜனத்தொகை சட்டத்தின் ரகசியப் பாதுகாப்பு அதற்குப் பொருந்தாது. எந்தக் கணக்கு என்று கேட்பதில் தப்பில்லை.

வீட்டுக்காரர்களே! "எட்டு பேர் இருக்காங்கன்னு சொன்னா வரி ஏறிடுமோ" என்று நாலாகக் குறைக்காதீர்கள். அந்தத் தகவல் வரி அதிகாரிக்கும் போகாது. வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விட்டால் மட்டும் பதிவு அதிகாரிக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள். அது தனிச் சட்டம், தனிக் கடமை.

குழாயடியில் காலிக்குடம் வரிசையில் நிற்கிறது. எட்டு பேர் வாழும் வீட்டை நாலு பேர் என்று எழுதினால், மீதி நாலு பேரின் தாகத்துக்கு யார் கணக்கு வைப்பது?

கதவைத் தட்டுவது யார் என்று பாருங்கள். வாத்தியார் என்றால், ஒரு தலையும் விடாமல் சொல்லுங்கள்!